டெர்ரி க்ராவ்லியை ஞாபகம் இருக்கா?

டிஸ்கி: 'தி ஷீல்ட்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள், இனிமேல் பார்க்கலாம் என்று எண்ணம் இருப்பவர்கள், இத்தோடு கிளம்பிவிடலாம். முதல் எபிசோடில் இருந்து கடைசி எபிசோடு வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். அப்புறம் வந்து திட்டக்கூடாது. (வேறு காரணத்துக்குத் தாராளமாகத் திட்டலாம்.)

போன செமஸ்டர் தேர்வு முடிந்த வாரம். ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் மிச்சமிருந்தது எட்டு பேர். எங்களிடம் இருந்தது ஒரு லேப்டாப், சீனியர் ஒருவர் விட்டுப்போன ஹார்டு டிஸ்க், அதில் 'தி ஷீல்ட்' ஏழு சீசனும். ராத்திரி மெஸ் முடிந்ததும் உட்கார்ந்தால் விடியற்காலை வரைக்கும் ஓடும். ஐந்தாவது சீசனுக்கு வந்திருந்தோம். ஜான் கவனா என்று ஒரு அதிகாரி உள் விசாரணைக்காக வந்து இறங்குகிறார். நம்ம ஹீரோ விக் மேக்கியைப் பிடித்தே தீருவேன் என்று நிற்கிறார். ரூமில் ஒரே வசவு. "இவன் மூஞ்சியப் பாரு", "சூயிங்கம் மென்னுக்கிட்டே சாவான் இவன்".... அந்த நேரத்தில் கவனா டெர்ரி க்ராவ்லி என்ற பெயரை எடுக்கிறார். கட்டிலில் படுத்திருந்த நண்பன் ஒருத்தன் தலையைத் தூக்கிக் கேட்டான்:

"யாருடா அது டெர்ரி?"

யாருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. எனக்கும்தான். ஒரு பத்து விநாடி கழித்துத்தான் உறைத்தது. முதல் எபிசோடில் செத்தவன். செத்தவன் கூட இல்லை, கொல்லப்பட்டவன். கொன்றது விக் மேக்கி. கண்ணுக்குக் கீழே துப்பாக்கியை வைத்துச் சுட்டதை எட்டு பேரும்தான் பார்த்தோம். அன்றைக்கு ரூமே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. நான்கு சீசன் தாண்டுவதற்குள் அவன் பெயரே மறந்துவிட்டது.

இந்தப் பதிவு அந்தப் பத்து விநாடியைப் பற்றித்தான்.

கதை தெரியாமலும் படிப்பேன் என்று அடம் பிடிப்பவர்களுக்குச் சின்ன முன்கதை. 'தி ஷீல்ட்' அமெரிக்காவில் எஃப்எக்ஸ் சேனலில் 2002 மார்ச் 12 அன்று தொடங்கி 2008 நவம்பர் 25 அன்று முடிந்த போலீஸ் தொடர். மொத்தம் 88 எபிசோடு. உருவாக்கியவர் ஷான் ரயன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபார்மிங்டன் என்று ஒரு கற்பனை ஏரியா. பழைய சர்ச் கட்டடம் ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருப்பார்கள், அதற்குப் பெயர் 'தி பார்ன்'. அங்கே 'ஸ்ட்ரைக் டீம்' என்று நாலு பேர் கொண்ட ஒரு சிறப்புப் படை. தலைவன் விக் மேக்கி, கூட ஷேன், லெம், ரான்னி. ரவுடிகளைப் பிடிப்பார்கள். அந்த ரவுடிகளிடமே காசும் வாங்குவார்கள். போதைப்பொருளைப் பறிமுதல் செய்வார்கள், ஒரு பங்கை ஒதுக்கியும் வைப்பார்கள். கேப்டன் அசெவேடாவுக்குச் சந்தேகம். டெர்ரி க்ராவ்லி என்ற அதிகாரியை அந்த டீமுக்குள் உளவு பார்க்க அனுப்புகிறார். விக்குக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. போதை வியாபாரி ஒருவன் வீட்டில் ரெய்டு. வியாபாரி செத்து விழுகிறான். விக் அவனுடைய துப்பாக்கியையே எடுத்து டெர்ரியைச் சுடுகிறான். பழி செத்துப்போன வியாபாரி மேல். முதல் எபிசோடு முடிந்தது.

விக்காக நடித்த மைக்கேல் சிக்லிஸுக்கு அந்த வருடமே எம்மி விருது. வாங்க வேண்டிய விருதுதான். மொட்டைத் தலை, கறுப்புக் கண்ணாடி, கையை விரித்துக்கொண்டு நடக்கிற நடை.... ஆளைப் பிடிக்காமல் போகாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்தத் தொடரோடும் இல்லை, சிக்லிஸோடும் இல்லை. நம்மோடு. பார்த்துவிட்டு நாம் பேசுகிற பேச்சோடு.

ஹாஸ்டலிலும் வகுப்பிலும் இணையத்திலும் விக் மேக்கிக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்கள் சுற்றிச் சுற்றி நாலேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "அவன் ரிசல்ட் காட்டுறான்டா"

இதுதான் ராஜ வாதம். முதல் எபிசோடிலேயே ஒரு சின்னப் பெண் கடத்தப்படுகிறாள். சந்தேக நபர் ஒரு டாக்டர், வாயே திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கேப்டனே விக்கை அறைக்குள் அனுப்புகிறார். விக் அடிக்கிறான். டாக்டர் இடத்தைச் சொல்கிறான். பெண் கிடைக்கிறாள். பார்த்தாயா, சட்டம் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தை கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஏன் தெரியுமா? அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த டாக்டர் குற்றவாளி என்று திரைக்கதை எழுதியவருக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியும், அதனால் நமக்கும் தெரியும். விக் கையை ஓங்குவதற்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நிஜ ஸ்டேஷனில் அந்த வசதி கிடையாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் சித்தப்பா. குட்டி யானை வைத்து ஓட்டுகிறார் (நான்கு சக்கரக் குட்டி யானை, கோயில் யானை இல்லை). சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு குடோனில் திருட்டு. அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா வண்டியும் வெள்ளை. சாயங்காலம் ஸ்டாண்டில் இருந்து கூட்டிப் போனார்கள். மறுநாள் மத்தியானம் விட்டார்கள். ஆள் மாறிப்போச்சு, போயிட்டு வாப்பா என்று அனுப்பிவிட்டார்கள். எஃப்ஐஆர் இல்லை, ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. நான் படிக்கிற படிப்பின் பாஷையில் சொன்னால், அந்த ஒரு ராத்திரிக்கு வவுச்சரே கிடையாது. இருக்கிற ஒரே அத்தாட்சி அவருடைய இடது காது. இப்போதும் போன் வந்தால் வலது பக்கம்தான் வைப்பார்.

இதில் போலீஸ் செய்ததைவிட எனக்கு அதிகமாக ஞாபகம் இருப்பது வீட்டில் பேசியதுதான். எங்கள் அப்பாயி, பெற்ற தாய், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது: "ஒண்ணுமில்லாம போலீஸ்காரன் எதுக்குய்யா கைய வைக்கப் போறான்?" சித்தப்பா பதில் பேசவில்லை. எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அப்பாயி கெட்டவர் இல்லை. முப்பது நாற்பது வருடமாகப் போலீஸ் படம் பார்த்தவர், அவ்வளவுதான். படத்தில் ஹீரோ அடித்தால் அடி வாங்குபவன் குற்றவாளி. பெற்ற பிள்ளைக்குக்கூட அந்த விதியில் விலக்கு கிடைக்கவில்லை.

டாக்டரின் எபிசோடை ஷான் ரயன் எழுதினார். சித்தப்பாவின் எபிசோடை எழுத யாரும் இல்லை.

இன்னொன்று. ரிசல்ட் என்றால் விக் மட்டும்தானா? அதே ஸ்டேஷனில் டச் என்று ஒரு டிடெக்டிவ் இருக்கிறார். எல்லோரும் கேலி செய்கிற ஆள். முதல் சீசனில் ஒரு தொடர் கொலைகாரனை, நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியே மடக்குவார். அவன் இவரைக் கூனிக்குறுக வைக்கிற மாதிரி பேசுவான், ஸ்டேஷனே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு அடி கிடையாது. கடைசியில் எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து தனியாக அழுவார். எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்த காட்சி அது. எங்கள் ரூமில் அந்தக் காட்சி ஓடும்போது இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். டச் காட்டினால் அது ரிசல்ட் இல்லை போல. அடித்து வாங்கினால்தான் ரிசல்ட்!

காமர்ஸ் படிக்கிற மக்களுக்கு ஒரு வார்த்தை. ரிசல்ட்டை மட்டும் பார்த்துக் கைதட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வருடா வருடம் ரிசல்ட் காட்டியது. 2008இல் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருதுகூட வாங்கியது. அடுத்த ஜனவரி 7, 2009 அன்று ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். பேலன்ஸ் ஷீட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த ரிசல்ட்தான் மோசடியே. விக் மேக்கியின் ஏரியாவில் குற்றம் குறைந்ததாகக் காட்டுவார்களே, அதுவும் இப்படித்தான். அவனுக்கு மாமூல் கொடுக்கிறவன் வியாபாரம் ஓடும், கொடுக்காதவன் உள்ளே போவான். குறைந்தது குற்றம் இல்லை, போட்டி.

2. "பாவம்டா, குடும்பத்துக்காகத்தானே பண்றான்"

விக்குக்கு மூன்று குழந்தைகள். பையன் மேத்யூவுக்கு ஆட்டிசம், பிறகு இன்னொரு குழந்தைக்கும் அதுவே. சிறப்புப் பள்ளிக்குக் காசு வேண்டும். உண்மையிலேயே கஷ்டம்தான், நான் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் கணக்கை வரிசையாகப் போடுங்கள். டெர்ரியைக் கொன்றது பள்ளிக் கட்டணத்துக்காகவா? இல்லை, தான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. இரண்டாவது சீசன் முடிவில் ஆர்மீனியக் கும்பலின் பணத்தைக் கொள்ளை அடித்தார்களே, அந்தப் பணம் யாரை வாழ வைத்தது? மூன்றாவது சீசனில் பயந்துபோய் லெம் அதில் பெரும் பகுதியை அடுப்பில் போட்டு எரிக்கிறான். டீமே உடைகிறது. ஐந்தாவது சீசன் முடிவில் ஷேன், லெம்மின் காருக்குள் கையெறி குண்டைப் போட்டுக் கொல்கிறான். கடைசியில் ஷேன் தன் மனைவிக்கும் குழந்தைக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாகிறான். விக்கின் மனைவி கோரின் போலீஸுக்கு உதவி செய்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, சாட்சிப் பாதுகாப்பில் பெயர் தெரியாத ஊருக்குப் போய்விடுகிறாள். எதிரிகளிடம் இருந்து ஒளியவில்லை. விக்கிடம் இருந்து.

யாருக்காக இதெல்லாம் செய்ததாகச் சொன்னானோ அவர்களே அவனிடமிருந்து தப்பித்து ஓடுகிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு தொடர் எப்படிச் சொல்லும்? சப்டைட்டிலில் போட வேண்டுமா?

3. "எல்லாரும் கெட்டவங்கதான். கவனா மட்டும் யோக்கியமா?"

இங்கேதான் நாம் சூப்பராக மாட்டிக்கொள்கிறோம். ஃபாரஸ்ட் விட்டேகர் நடித்த கவனா ஐந்தாவது சீசனில் வருகிறார். அவருடைய வேலை என்ன? ஒரு போலீஸ்காரனைக் கொன்ற போலீஸ்காரனைப் பிடிப்பது. இதில் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் ரூமில் அவ்வளவு வெறுப்பை வேறு எந்தக் கேரக்டரும் சம்பாதிக்கவில்லை. கொலைகாரர்கள், கடத்தல்காரர்கள், குழந்தைகளை நாசம் செய்பவர்கள் எல்லாம் வந்து போன தொடரில், நாங்கள் அதிகமாகக் காறித் துப்பியது சூயிங்கம் மெல்லுகிற ஒரு விசாரணை அதிகாரியை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கவனா சுத்தமானவர் இல்லை. கோரினிடம் அவர் நடந்துகொள்வது அருவருப்பு. லெம்மை நசுக்கு நசுக்கென்று நசுக்குகிறார். வெறி முற்றிப் போய் ஆறாவது சீசனில் விக்குக்கு எதிராகப் பொய்ச் சாட்சியம் உருவாக்குகிறார். தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கப்புறம் என்ன செய்கிறார்? தான் செய்ததைத் தானே ஒத்துக்கொண்டு கைதாகிறார். ஏழு சீசனில் விக் மேக்கி ஒரு தடவையாவது விலை பேசாமல் எதையாவது ஒத்துக்கொண்டிருக்கிறானா? கவனா செய்த ஒரு தப்பு ஞாபகம் இருக்கிறது, அவர் ஒத்துக்கொண்டது ஞாபகம் இல்லை. விக் செய்த சாகசம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அவன் செய்த முதல் கொலை ஞாபகம் இல்லை. என்ன மாதிரி ஞாபகசக்தி நமக்கு!

லெம் செத்த அன்றைக்கு எங்கள் ரூமில் ஒருத்தன் நிஜமாகவே அழுதான். அழுதுகொண்டே சொன்னது: "எல்லாம் இந்தக் கவனா நாயாலதான்". குண்டைப் போட்டது ஷேன். ஷேன் அந்த நிலைக்கு வரக் காரணம் விக் தொடங்கி வைத்தது. பழி மட்டும் விசாரிக்க வந்தவர் மேல். கம்பெனி திவாலானதற்கு ஆடிட்டர்தான் காரணம், அவர் வராமல் இருந்திருந்தால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

கவனாவை விடுங்கள், அவர் விகாரமானவர் என்றே வைத்துக்கொள்வோம். க்ளாடெட் என்ன பாவம் செய்தார்? அந்த ஸ்டேஷனில் நேர்மைக்கு ஒரு உருவம் உண்டென்றால் அவர்தான். மூன்றாவது சீசனில் ஒரு அரசு வக்கீல் போதையிலேயே பல குற்றவாளிகளுக்காக வாதாடியது அவருக்குத் தெரிய வருகிறது. அதை வெளியே சொன்னால் பழைய வழக்குகள் எல்லாம் திறக்கும், மேலிடத்துக்குக் கோபம் வரும், தனக்கு வர வேண்டிய கேப்டன் பதவி போகும். தெரிந்தே சொல்கிறார். பதவி போகிறது. இதற்கு எங்கள் ரூமின் விமர்சனம்: "இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?"

நம்மைத் தப்பான பக்கம் இழுத்தது கவனாவின் குணம் இல்லை மக்களே. யார் வந்து விக்கைக் கேள்வி கேட்டாலும் நமக்கு அவர்களைப் பிடிக்காது. அசெவேடா கேட்டால் அரசியல்வாதி, கவனா கேட்டால் பைத்தியம், க்ளாடெட் கேட்டால் வேலையில்லாதவர். கேட்கிறவரை வைத்து முடிவெடுக்கவில்லை நாம். கேட்கப்படுகிறவனை வைத்து எடுத்த முடிவு அது.

4. "சீரியல்தானேடா, எதுக்கு இவ்ளோ சீரியஸ்?"

சரி, சீரியலை விட்டுவிடுவோம். 'தி ஷீல்ட்' எங்கிருந்து வந்தது? லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் 'க்ராஷ்' என்று ரவுடிகளை ஒடுக்க ஒரு சிறப்புப் படை நிஜமாகவே இருந்தது. அதன் ராம்பார்ட் பிரிவில் ரஃபேல் பெரெஸ் என்று ஒரு அதிகாரி. போலீஸ் சாட்சிப்பொருள் அறையில் இருந்தே கொக்கைன் திருடியதாக 1998இல் கைதானார். தண்டனையைக் குறைத்துக்கொள்ள 1999இல் பேரம் பேசி, தானும் சகாக்களும் செய்ததை எல்லாம் கொட்டினார். எழுபதுக்கும் மேற்பட்ட போலீஸார் மேல் குற்றச்சாட்டு. நூற்றுக்கு மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின.

அதில் ஒன்று ஹாவியர் ஒவாண்டோவின் வழக்கு. 1996இல் பெரெஸும் கூட்டாளியும் அவரைச் சுட்டார்கள். வயது 19. கையில் ஆயுதம் இல்லை. சுட்ட பிறகு பக்கத்தில் ஒரு துப்பாக்கியைப் போட்டு, எங்களைத் தாக்க வந்தான் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன அந்தப் பையனுக்கு 23 வருடத் தண்டனை விழுந்தது. பெரெஸ் வாயைத் திறந்த பிறகுதான் 1999இல் விடுதலை. 2000இல் நகராட்சி கொடுத்த நஷ்டஈடு ஒன்றரைக் கோடி டாலர். கால் திரும்ப வரவில்லை.

'ரிசல்ட் காட்டுற போலீஸ்' என்று அந்தப் படையை ஒரு காலத்தில் பாராட்டாமலா இருந்திருப்பார்கள்?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு: 2019 டிசம்பர் 6, ஹைதராபாத். கால்நடை மருத்துவப் பெண் ஒருவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் என்கவுன்டரில் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம். நானும்தான் ஸ்டேட்டஸ் வைத்தேன், சிங்கம் படத்தோடு. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. அந்த நால்வரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. இதற்கு யாரும் ஸ்டேட்டஸ் வைத்த ஞாபகம் எனக்கு இல்லை.

அந்த என்கவுன்டர் நடந்து ஆறே மாதத்தில், 2020 ஜூனில், சாத்தான்குளம். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று கூட்டிப் போகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அப்போது எல்லோரும் கொதித்தோம், நானும்தான். போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக இன்று வேதனைப்படுகிறேன் என்று இயக்குநர் ஹரி அறிக்கையே விட்டார். படம் எடுத்தவர் ஒரு தடவையாவது தன் பங்கைச் சொன்னார். டிக்கெட் வாங்கி விசில் அடித்த நாம் யாராவது அறிக்கை விட்டோமா? டிசம்பரில் பூ, ஜூனில் கண்ணீர். இரண்டுக்கும் நடுவே போலீஸ் மாறவில்லை. செத்தவர்கள் நமக்குத் தெரிந்த மாதிரி ஆட்களா இல்லையா என்பதுதான் மாறியது.

ஆக, சீரியல்தானே என்று சொல்லாதீர்கள். சீரியல் பார்க்கிற அதே கண்ணால்தான் நியூஸும் பார்க்கிறோம்.

அப்போ அந்தத் தொடருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கிறது. கேமரா எப்போதும் விக்கின் பின்னாலேயே ஓடுகிறது. அவன் மூச்சு வாங்கினால் நமக்கும் மூச்சு வாங்குகிறது. தப்பித்தால் நமக்கு நிம்மதி. அப்படி உட்கார வைத்தது தொடர்தான். ஆனால் அது எதையும் மறைக்கவில்லை. டெர்ரியை நம் கண் முன்னால் கொன்றது. அடி வாங்கியவர்கள் முகத்தைக் காட்டியது. ஒவ்வொரு சீசனிலும் பில் போட்டு நீட்டியது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நாம். எங்கள் பாடத்தில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று வரும். இருபக்கமும் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம், பிழையைக் கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய வேண்டும். நாம் டெர்ரியை அதில் தூக்கிப் போட்டுவிட்டு, கணக்கு பொருந்திவிட்டது என்று ஏழு சீசன் ஜாலியாக இருந்தோம்.

கடைசிக்கு வருகிறேன். முடிவுக்கு முந்தின எபிசோடில் விக், குடியேற்றத் துறையோடு ஒரு ஒப்பந்தம் போடுகிறான். செய்த குற்றங்களை எல்லாம் சொன்னால் முழு மன்னிப்பு, மூன்று வருடம் வேலை. ஏதோ சில்லறை லஞ்சம் இருக்கும் என்று நினைத்து அந்த அதிகாரி ரெக்கார்டரைப் போடுகிறார். விக் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஆரம்பிக்கிறான். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் போவதைப் பாருங்கள். அந்த முகம் நாம் முதல் எபிசோடிலேயே வைத்திருக்க வேண்டிய முகம்.

ரான்னி கடைசி வரை விசுவாசமாக இருந்தவன். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு விக் தப்பிக்கிறான். ஸ்டேஷன் நடுவில் விக்கின் கண் முன்னாலேயே ரான்னிக்கு விலங்கு மாட்டுகிறார்கள். விக்குக்குக் கிடைத்தது ஒரு ஏசி ரூம், ஒரு மேஜை, தினமும் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. எங்கள் ரூமில் படம் முடிந்ததும் ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் முதல் குரல்: "ச்சே, பாவம்டா விக்".

பாவம் ரான்னி என்று யாரும் சொல்லவில்லை. பாவம் லெம் என்று ஒருத்தன் சொன்னான். டெர்ரி பெயரை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன், "ஆரம்பிச்சிட்டான்யா ஆடிட்டர்" என்று சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குத்தான் இந்தப் பதிவு.

சிரித்த நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த வாக்குமூலக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். விக் சொல்கிற பட்டியல் நீளம். கொள்ளை, அடிதடி, போதைப்பொருள், கொலை எல்லாம் வருகிறது. ஆனால் அவ்வளவு நேரம் யோசித்துவிட்டு அவன் முதலில் சொல்வது டெர்ரி க்ராவ்லியைக் கொன்றதைத்தான்.

கொன்றவனுக்கே அது ஞாபகம் இருந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் பத்து விநாடி தேவைப்பட்டது.

பி.கு: இந்தப் பதிவைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். குட்டி யானை ஜோக் மொக்கையாக இருக்கிறது, எடுத்துவிடு என்றார். எடுக்கவில்லை. மற்றதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.